இரவு நேர வானிலைச் செயற்கைக்கோள் படங்கள்: வீட்டில் பிடிப்பதும் சரியாகப் படிப்பதும்

தமிழகக் கடற்கரையைத் தாக்கிய அண்மைக்காலப் புயல்கள் கரையேறிய நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. நிவர் 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டிப் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று இரவு, அதே புதுச்சேரிப் பக்கம். ஒக்கி 2017 நவம்பர் 29 அன்று குமரிக்கடல் பகுதியில் தாழ்வு மண்டலமாக இருந்தது. ஓர் இரவு கழிந்து மறுநாள் காலையில் புயலாகிவிட்டது. கடலுக்குப் போயிருந்த மீனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை.

இப்படிப்பட்ட இரவுகளில் மக்கள் உறங்குவதில்லை. மின்சாரம் போயிருக்கும், தொலைக்காட்சி ஓடாது, கையில் இருக்கும் கைபேசியில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு செயற்கைக்கோள் படம் வந்து விழும். அது எத்தனை மணிக்கு எடுத்தது, சிவப்பு எதைக் குறிக்கிறது, யார் வெளியிட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஜமாஅத் குழுவிலிருந்து உறவினர் குழுவுக்கும், அங்கிருந்து வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேருகிறது. அங்கே அவர்களின் தூக்கமும் போகிறது.

இந்தப் படங்களை நேரடியாக வானிலிருந்தே தம் வீட்டு மாடியில் பிடித்துப் பார்க்கும் பொழுதுபோக்கு ஒன்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் இருந்து வருகிறது. அதைப் பற்றியும், ஆன்டெனா எதுவும் இல்லாதவர்கள் இணையத்தில் எங்கே பார்க்கலாம் என்பதைப் பற்றியும், பார்த்ததை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியும் இங்கே பார்ப்போம்.

இருட்டில் எப்படிப் படம் எடுக்கிறார்கள்?

1960 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 தான் வெற்றிகரமாக இயங்கிய முதல் வானிலைச் செயற்கைக்கோள். அதில் இருந்தவை தொலைக்காட்சிக் கேமராக்கள். சூரிய ஒளி பட்ட மேகங்களை மட்டுமே அவற்றால் படம்பிடிக்க முடிந்தது. பூமியின் இரவுப் பக்கம் அவற்றுக்கு வெறும் கறுப்புதான்.

1964 ஆகஸ்ட் 28 அன்று ஏவப்பட்ட நிம்பஸ்-1 இதை மாற்றியது. அதில் இருந்த கருவி ஒளியைப் பார்க்காமல் வெப்பத்தைப் பார்த்தது. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. நிலமும் கடலும் மேகமும் அப்படித்தான். அதற்குச் சூரியன் வேண்டியதில்லை. நிம்பஸ்-1 ஒரு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. செப்டம்பர் 23 அன்று அதன் சூரியத் தகடுகளைத் திருப்பும் பொறி நின்றுபோனது. அதற்குச் சரியாக மூன்று மாதம் கழித்து, 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், தனுஷ்கோடியையும் பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. இரவில் மேகத்தைப் பார்க்கும் வழியை மனிதர் கண்டுபிடித்த அதே ஆண்டில் அது நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இன்றைய செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 10 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் பார்க்கின்றன. இந்த வரம்பில் காற்று பெரிதாகக் குறுக்கிடாது. அதனால் கருவிக்குக் கிடைப்பது, அது பார்க்கும் பரப்பின் வெப்பநிலை. குளிர்ந்தது வெள்ளையாகவும் சூடானது கறுப்பாகவும் தெரியும்படி படத்தை அமைக்கிறார்கள். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்துகொண்டே போகும் என்பதால், வெள்ளையாக இருப்பது உயரமான மேகம் என்று கொள்ளலாம். நம் பகுதியில் இடிமேகத்தின் உச்சி சுழியத்துக்குக் கீழே 70, 80 பாகை செல்சியஸ் வரைகூடக் குளிர்ந்திருக்கும். அதே நேரம் கீழே கடல் 28 பாகையில் இருக்கும். இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால்தான் இரவிலும் படம் துல்லியமாக விழுகிறது.

பொழுதுபோக்கு பிறந்த கதை

1963 டிசம்பரில் ஏவப்பட்ட டைரோஸ்-8 ஒரு புதிய ஏற்பாட்டைச் சோதித்தது. படத்தைச் சேமித்து அமெரிக்க நிலையத்துக்கு மட்டும் அனுப்பாமல், தான் பறக்கும் இடத்தின் படத்தை அங்கேயே, அப்போதே வானொலியில் எல்லோருக்கும் ஒலிபரப்பியது. தானியங்கிப் படப் பரப்பு என்று இதைச் சொல்லலாம். ஏபிடி என்பது அதன் சுருக்கப் பெயர். ஏழை நாடுகளின் வானிலை அலுவலகங்களும் மலிவான கருவியில் பெற வேண்டும் என்பதற்காக இதை வேண்டுமென்றே எளிமையாக வடிவமைத்தார்கள். பள்ளி ஆசிரியர்களும் அமெச்சூர் வானொலிக்காரர்களும் பழைய ஃபேக்ஸ் இயந்திரங்களை வைத்து வீட்டிலேயே படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

இந்த ஒலிபரப்பைச் சாதாரண வானொலியில் கேட்டால் 'டிக்-டாக்' என்று கடிகாரம் ஓடுவது போல இருக்கும். ஒரு விநாடிக்கு இரண்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்: பகலில் ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளியில், மற்றது அகச்சிவப்பில், இரவில் இரண்டுமே அகச்சிவப்பில். ஒரு புள்ளி ஏறத்தாழ 4 கி.மீ. அகலத்தைக் காட்டும்.

கடைசிக் காலத்தில் இந்தச் சேவையைத் தந்தவை நோவா-15, நோவா-18, நோவா-19 என்ற மூன்று செயற்கைக்கோள்கள். இவற்றில் நோவா-19க்கு ஒரு கதை உண்டு. 2003 செப்டம்பரில் தொழிற்சாலையில் அதைச் சாய்த்தபோது, தாங்கு மேடையில் இருக்க வேண்டிய 24 போல்ட்டுகள் கழற்றப்பட்டிருந்ததை யாரும் சரிபார்க்கவில்லை. செயற்கைக்கோள் தரையில் விழுந்து நொறுங்கியது. அதைச் சரிசெய்து 2009இல் ஏவினார்கள். அதன்பிறகு பதினாறு ஆண்டுகள் உழைத்தது.

2025இல் இந்த அத்தியாயம் முடிந்தது. நோவா-18 ஜூன் 6 அன்றும், நோவா-19 ஆகஸ்ட் 13 அன்றும், நோவா-15 ஆகஸ்ட் 19 அன்றும் நிறுத்தப்பட்டன. இவற்றுக்குப் பின் வந்த அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் இந்த எளிய ஒலிபரப்பு இல்லை. ஆகவே பழைய யூடியூப் காணொளிகளைப் பார்த்து 137.100, 137.620, 137.9125 மெகாஹெர்ட்ஸில் காத்திருந்தால் இரைச்சல்தான் கேட்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது என்ன பிடிக்கலாம்?

அதே 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வரிசை இன்னும் இருக்கிறது. 2023 ஜூனில் ஏவப்பட்ட எண் 2-3, 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட எண் 2-4 ஆகியவை 137.1 அல்லது 137.9 மெகாஹெர்ட்ஸில் படங்களை டிஜிட்டல் முறையில் அனுப்புகின்றன. ஒரு புள்ளி ஏறத்தாழ 1 கி.மீ.; பழைய நோவா படங்களைவிட நான்கு மடங்கு கூர்மை. வட துருவத்துக்கும் தென் துருவத்துக்குமாக 800 கி.மீ.க்குச் சற்று மேலான உயரத்தில் ஓடும் இவை நம் ஊர் வானில் ஒருமுறை தோன்றினால் அதிகபட்சம் கால் மணி நேரம் இருக்கும். அந்தக் கால் மணி நேரம்தான் வேலை.

இரவில் இதை நம்பி உட்காருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெட்டியோர் ஒரே நேரத்தில் மூன்று அலைவரிசைப் படங்களை மட்டும் அனுப்புகிறது. எந்த மூன்று என்பதை அதை இயக்குபவர்கள் அவ்வப்போது மாற்றுகிறார்கள். அந்த மூன்றில் ஓர் அகச்சிவப்பு அலைவரிசை இருக்கும் நாட்களில்தான் இரவுப் படம் கிடைக்கும். இல்லாவிட்டால் எல்லாம் சரியாக வேலை செய்தும் திரை கறுப்பாகவே இருக்கும். கருவியைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு மடிக்கணினி. யுஎஸ்பி துளையில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சிறிய வானொலிப் பெட்டி, விலை சில ஆயிரம் ரூபாய். இது முதலில் கணினியில் டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்காக வந்த பொருள். அதற்குள் இருக்கும் சில்லு பல அலைவரிசைகளையும் கேட்கக்கூடியது என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்த பிறகு இந்தப் பொழுதுபோக்கே மாறிப்போனது.

ஆன்டெனாவை நீங்களே செய்யலாம். சுமார் 53 செ.மீ. நீளமுள்ள இரண்டு அலுமினியக் கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் 'வி' வடிவில் படுக்கை வசமாக வைத்து, ஒன்றைக் கேபிளின் நடுக்கம்பியோடும் மற்றதை வெளிவலையோடும் இணைத்தால் போதும். 'வி'யின் திறந்த வாய் வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். தொலைக்காட்சிக்குப் போடும் சாதாரணக் கேபிளே போதும். ஆனால் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றிலிருந்து தள்ளி, வானம் நான்கு பக்கமும் தெரியும் மொட்டை மாடி நல்லது.

செயற்கைக்கோள் எப்போது வரும் என்பதைச் சொல்ல ஜி-பிரிடிக்ட் என்ற இலவச மென்பொருள் உண்டு. சுற்றுப்பாதை விவரங்களை அதில் வாரம் ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். சிக்னலைப் படமாக மாற்ற சாட்-டம்ப் என்ற மென்பொருளை இன்று பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள், அதுவும் இலவசம்தான். செயற்கைக்கோள் நெருங்கி வரும்போது அலைவரிசை சற்று ஏறியும், விலகும்போது இறங்கியும் தெரியும். ரயில் கூவிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது ஒலி மாறுவது போலத்தான். இதை மென்பொருளே சமாளித்துக்கொள்ளும்.

நகரங்களில் பெரிய தொல்லை இரைச்சல். மலிவான எல்இடி விளக்குகளும் கைபேசி சார்ஜர்களும் இந்த அலைவரிசையைக் கெடுக்கின்றன. பண்பலை நிலையக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் அதற்கென்று வடிகட்டி வாங்கிப் போட வேண்டியிருக்கும். பழைய நோவா படத்தில் இரைச்சல் வந்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்து படம் கொஞ்சமாவது மிஞ்சும். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை; வரிகள் அப்படியே காணாமல் போகும்.

அடுத்த படிக்குப் போக விரும்புவோர் தென்கொரியாவின் ஜிகே-2ஏ செயற்கைக்கோளை நோக்கலாம். 2018 டிசம்பரில் ஏவப்பட்ட இது, 128.2 பாகை கிழக்கில், பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. ஒரு மீட்டர் அளவு வலைத்தட்டும் 1692 மெகாஹெர்ட்ஸுக்கான பெருக்கியும் தேவை. தமிழ்நாட்டிலிருந்து கிழக்கே, சற்றே தெற்காக, தொடுவானத்திலிருந்து 30 பாகைக்குச் சற்று மேலே தட்டைத் திருப்ப வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமி வட்டம் முழுவதும் அகச்சிவப்பில் வரும். இரவு பகல் என்ற பேதமே இல்லை. ஆனால் அதன் பார்வையில் நாம் மேற்கு ஓரத்தில் இருக்கிறோம். வங்கக் கடல் நன்றாகத் தெரியும். தமிழகம் சரிவாக நசுங்கித்தான் தெரியும்.

இதில் எதையும் நாம் வானொலியில் அனுப்புவதில்லை, பெறுகிறோம் அவ்வளவே. அனுப்புவதற்கு அமெச்சூர் வானொலி உரிமம் வேண்டும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

ஆன்டெனா இல்லாதவர்களுக்கு

நம் நாட்டுக்கு இதில் குறையொன்றும் இல்லை. 74 பாகை கிழக்கில் இன்சாட்-3டிஆர், 82 பாகை கிழக்கில் 2024 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் என இரண்டும் ஏறத்தாழ நம் தலைக்கு மேலே நிற்கின்றன. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை படம் எடுக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்திலும், அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோ மையம் நடத்தும் மோஸ்டாக் தளத்திலும் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். 45.5 பாகை கிழக்கில் நிற்கும் ஐரோப்பாவின் மெட்டியோசாட்-9 படங்களும் இந்தியப் பெருங்கடலுக்கென்றே வெளியாகின்றன. அரபிக் கடல் பக்கம் பார்க்க அவை உதவும்.

மாடியில் பிடித்த படத்தில் ஒரு மகிழ்ச்சி உண்டுதான். ஆனால் புயல் இரவில் முடிவெடுக்க இன்சாட் படமே மேல் என்பது என் கருத்து. மெட்டியோர் ஒருமுறை கடந்துபோனால் மறுபடி வர மணிக்கணக்காகும். அதற்குள் புயல் எங்கேயோ போயிருக்கும்.

படத்தைப் படிக்கும் முறை

முதலில் நேரம். படத்தின் ஓரத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 18:00 என்று இருந்தால் நமக்கு இரவு 11:30. 21:00 என்று இருந்தால் நமக்கு அடுத்த நாள் பின்னிரவு 2:30, தேதியும் மாறிவிடும். 'நேற்றைய படத்தை அனுப்பிவிட்டார்கள்' என்று குழுக்களில் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால் வருவது. மீதிப் பாதி உண்மையிலேயே பழைய படத்தால் வருவது.

அடுத்து நிறம். அகச்சிவப்புப் படத்துக்கு இயற்கையான நிறம் கிடையாது. கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் குளிர்ந்த உச்சிகள் பளிச்சென்று தெரிய மென்பொருள் பூசுவது. ஒரு தளத்தில் சிவப்பு என்றால் மிகக் குளிர்ச்சி. இன்னொரு தளத்தில் அதே குளிர்ச்சிக்குக் கறுப்போ ஊதாவோ இருக்கும். ஓரத்தில் இருக்கும் அளவுகோலை வெட்டிவிட்டு அனுப்பப்படும் படத்தால் பயன் ஏதுமில்லை.

மூன்றாவது, வெள்ளையெல்லாம் மழை அல்ல. இடிமேகத்தின் உச்சியிலிருந்து காற்றில் பரவும் மெல்லிய பனிக்கற்றை மேகங்களும் மிகவும் உயரத்தில் இருப்பதால் வெள்ளையாகவே தெரியும். அவற்றின் கீழே ஒரு சொட்டும் விழாது. புயல் நெருங்கும் முன்பே ஊரை மூடியது போலத் தெரியும் வெண்மை பல சமயம் இதுதான். விளிம்பு கூர்மையாக வெட்டியது போல இருந்து, அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில் புதிது புதிதாகப் பொங்கினால் அது இடிமேகம். விளிம்பு பஞ்சுபோலக் கரைந்து ஒரே திசையில் இழுபட்டால் அது பரவல் மேகம். அதனால்தான் ஒரே படத்தைப் பார்க்காமல் ஐந்தாறு படங்களை வரிசையாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. தாழ்ந்த மேகமும் மூடுபனியும் நிலத்தின் வெப்பநிலைக்கு அருகிலேயே இருப்பதால் இரவுப் படத்தில் தெரியாமல் போய்விடும். வட இந்தியாவில் மார்கழி, தை மாதங்களில் ரயில்களை நிறுத்தும் மூடுபனி, சாதாரண அகச்சிவப்புப் படத்தில் காணவே காணாது. 3.9 மைக்ரோமீட்டர் அளவில் எடுத்த படத்தையும் 10.8 மைக்ரோமீட்டர் அளவில் எடுத்ததையும் கழித்துப் பார்க்கும்போது அது வெளிப்படும். இந்தக் கழித்தல் இரவில் மட்டுமே சரியாக வரும். பகலில் சூரிய ஒளி 3.9இல் கலந்துவிடும்.

நிலமும் கடலும் இடம் மாறுவதைப் பார்ப்பதும் சுவையானது. பிற்பகலில் சூடேறிய நிலம் கடலைவிடக் கறுப்பாக இருக்கும். இரவு ஏற ஏற நிலம் குளிர்ந்து, கடல் அப்படியே இருப்பதால், ஃபஜ்ர் நேரத்தில் கடல் கறுப்பாகவும் தரை வெளுத்தும் தெரியும். நடுவில் ஒரு நேரத்தில் கடற்கரைக் கோடே மறைந்துபோகும். படம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

புயலின் கண் நன்கு உருவாகியிருந்தால் வெள்ளை வட்டத்தின் நடுவே கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதன் வழியே கீழே உள்ள சூடான கடல் தெரிவதால்தான் கறுப்பு. நம் கரைக்கு வரும் புயல்கள் பலவற்றுக்குக் கண் தெளிவாக இருப்பதில்லை. மேக வட்டத்தின் நடுவைப் புயலின் மையம் என்று கொண்டால், மேலடுக்குக் காற்று மேகத்தைத் தள்ளியிருக்கும் நேரங்களில் பல கி.மீ. தவறும். காரைக்கால், சென்னை ரேடார்களும் கடலில் உள்ள மிதவைகளும் தரும் தகவலோடு சேர்த்துத்தான் வானிலைத் துறை மையத்தைக் குறிக்கிறது. ஆகவே படம் நம் புரிதலுக்கு. ஊரை விட்டுப் பெயர்வதா, படகை ஏற்றுவதா என்பதற்கு அவர்களின் அறிவிப்பு.

நிலவொளியில் ஒரு பார்வை

இரவிலும் உண்மையான ஒளியைப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. 2011 அக்டோபர் 28 அன்று ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் உள்ள பகல்-இரவுப் பட்டை என்பது அது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலவொளியிலேயே மேகங்களைப் பகல் போலக் காட்டும். நிலவே இல்லாத இரவிலும், வளிமண்டலத்தின் உச்சியில் இயற்கையாக எழும் மங்கலான ஒளியைக் கொண்டு மேகங்களைப் பார்க்க முடிகிறது என்று 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டபோது துறை சார்ந்தவர்களே வியந்தார்கள். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் தேதி வாரியாக இதைப் பார்க்கலாம். விளக்கு வைத்துக் கணவாய் பிடிக்கும் படகுகள்கூடக் கடலில் புள்ளிகளாகத் தெரியும்.

இதே கருவியின் தரவுகளை வைத்து 2014 டிசம்பரில் நாசா ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. ரமளான் மாதத்தில் மத்தியக் கிழக்கின் சில நகரங்கள் வழக்கமான இரவுகளைவிட 50 சதவீதத்துக்கும் மேல் பிரகாசமாக இருப்பது அதில் தெரிந்தது. இஷாவுக்குப் பிறகும் ஸஹர் வரையும் விழித்திருக்கும் ஊர்கள் விண்வெளியிலிருந்து தெரிகின்றன.

இங்கே ஒரு பொய்ப் படத்தையும் சொல்ல வேண்டும். தீபாவளி இரவில் இந்தியா என்று வண்ண விளக்குகளோடு ஆண்டுதோறும் சுற்றும் படம் தீபாவளிப் படமே அல்ல. வெவ்வேறு ஆண்டுகளில் எரிந்த நகர விளக்குகளை வெவ்வேறு நிறத்தில் அடுக்கி, மின்விளக்குகள் பெருகியதைக் காட்டுவதற்காக அமெரிக்க விஞ்ஞானிகள் தயாரித்தது. உண்மையான தீபாவளி இரவின் படத்தை, 2012 நவம்பர் 12 அன்று சுவோமி எடுத்ததை, நாசாவே வெளியிட்டது. வழக்கமான இரவிலிருந்து அதில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

பிறை பார்க்கும் மாலையில்

செயற்கைக்கோள் படத்தில் பிறை தெரியுமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தெரியாது. அது பூமியைப் பார்க்கிறது, மேகத்தைக் காட்டுகிறது. ஆனால் 29ஆம் நாள் மஃக்ரிபை ஒட்டி அது பயன்படும். அந்த நேரத்தில் ஒளிப்படம் மங்கிவிடும் என்பதால் அகச்சிவப்புப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பலர் தம் ஊருக்கு மேலே மேகம் இல்லை என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். புதிய பிறை அடிவானத்தை ஒட்டி நிற்கும். நம் ஊருக்கு மேற்கே 100 கி.மீ. தொலைவில் 10 கி.மீ. உயரமுள்ள ஓர் இடிமேகம் நின்றால், அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 5 பாகை உயரம் வரை மறைத்துவிடும். தலைக்கு மேலே வானம் பளிங்குபோல இருக்கும், பிறை மட்டும் தெரியாது. கிழக்குக் கரையில் இருப்பவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் திரளும் மாலை மேகத்தையும், கேரளக் கரையிலிருந்து தகவல் எதிர்பார்ப்பவர்கள் அரபிக் கடலில் லட்சத்தீவு வரையிலும் பார்க்க வேண்டும்.

ஓரிடத்தில் மேகம் இருந்தது என்பதற்குப் படம் ஓரளவு சான்று. பிறையைக் கண்டதாக ஒருவர் சொல்லும் சாட்சியத்தை அதை வைத்து மறுத்துவிட முடியாது. மேகத் திரள்களுக்கு இடையே 4 கி.மீ. புள்ளியில் அடங்காத சிறு இடைவெளிகள் இருக்கும். அவர் எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் கண்டார் என்று விசாரிப்பவருக்கு அந்த மாலையின் மூன்று நான்கு படங்கள் கையில் இருப்பது உதவும். மோஸ்டாக் தளத்தில் அவை அடுத்த நாளும் கிடைக்கும்.